தடுப்பூசி நாளில் கேட்க வேண்டிய கேள்வி: குழந்தையின் பேச்சும் வளர்ச்சியும் வயதுக்கேற்ப உள்ளனவா?

புதுடெல்லி: ஒன்றரை வயதுக் குழந்தைக்கு பூஸ்டர் தடுப்பூசி போட்டு முடித்து, வாசல் வரை சென்ற தாய் திரும்பி நின்று கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், இன்னும் பேச்சு வரவில்லையே?" நாட்டின் எந்த மாநிலத்திலும், எந்த மொழியிலும் குழந்தை நல மருத்துவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. "அவனுடைய அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார்" என்று பாட்டி கூறும் ஆறுதலும் அதனுடன் சேர்ந்தே வரும்.

இந்தக் கேள்விக்கு "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்பது மட்டுமே பதிலாக அமைந்தால், குழந்தையின் மூளை மிக வேகமாக வளரும் மாதங்கள் வீணாகக் கழிந்துவிடக்கூடும். காது கேளாமையோ, ஆட்டிசமோ, பொதுவான வளர்ச்சித் தாமதமோ பள்ளியில் சேர்க்கும் வயதில்தான் வெளிப்படுகிறது என்றால், அதற்கான அறிகுறிகள் பெரும்பாலும் அதற்கு முன்பே தென்பட்டிருக்கும். அவற்றைக் கவனித்துப் பதிவு செய்ய ஓர் ஏற்பாடு இருந்ததா என்பதே கேள்வி.

அத்தகைய ஏற்பாட்டுக்குத் தனியாக ஒரு மருத்துவமனைப் பயணம் தேவையில்லை என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. அனைத்துக் குழந்தைகளுக்கும் 9 முதல் 12 மாதங்களில் ஒரு முறை, 18 முதல் 24 மாதங்களில் ஒரு முறை, பள்ளியில் சேரும் வயதில் ஒரு முறை என வளர்ச்சிப் பரிசோதனை செய்யப்பட வேண்டும் என்று இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கமான ஐஏபி 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. தேசிய தடுப்பூசி அட்டவணையின்படி தட்டம்மை - ரூபெல்லா முதல் தவணை 9 முதல் 12 மாதங்களில் போடப்படுகிறது. அதன் இரண்டாம் தவணையும், டிபிடி முதல் பூஸ்டரும் 16 முதல் 24 மாதங்களில் வருகின்றன. டிபிடி இரண்டாவது பூஸ்டருக்கான வயது 5 முதல் 6. அதாவது, வளர்ச்சியைச் சோதிக்க வேண்டிய மூன்று கட்டங்களிலும் குழந்தை ஏற்கெனவே தடுப்பூசிக்காக மருத்துவரிடமோ செவிலியரிடமோ வந்து நிற்கிறது.

எத்தனை குழந்தைகளுக்குப் பாதிப்பு?

இந்தியக் குழந்தைகளின் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் குறித்த முக்கியமான கள ஆய்வுகளில் ஒன்று, 2018இல் 'பிளாஸ் மெடிசின்' மருத்துவ இதழில் வெளியானது. ஹிமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா, ஹரியானாவின் பல்வல், ஒடிசாவின் தேன்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான 3,964 குழந்தைகள் இதில் பரிசோதிக்கப்பட்டனர்.

பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, வலிப்பு நோய், பெருமூளை வாதம் உள்ளிட்ட நரம்புத்தசைப் பாதிப்புகள், பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு ஆகியவை கணக்கில் கொள்ளப்பட்டன. 6 வயதுக்கு மேற்பட்டோரிடம் ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு - மிகை இயக்கக் குறைபாடும், கற்றல் குறைபாடும் கூடுதலாக ஆராயப்பட்டன. 2 முதல் 6 வயதுக்குட்பட்ட பிரிவில் 9.2 சதவீதத்தினருக்கும், 6 முதல் 9 வயதுப் பிரிவில் 13.6 சதவீதத்தினருக்கும் இவற்றில் ஏதேனும் ஒன்றாவது இருப்பதாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் இருந்தன.

பிறக்கும்போது மூச்சுத்திணறல், குறைப்பிரசவம், எடைக்குறைவு, பச்சிளம் பருவத்து நோய்கள், மூளையைப் பாதிக்கும் தொற்றுகள், வயதுக்கேற்ற உயரமின்மை ஆகியவை ஆபத்துக் காரணிகளாக அடையாளம் காணப்பட்டன. இத்தகைய பின்னணி கொண்ட குழந்தைகளை 2 வயது வரை ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும், அதன்பின் 5 வயது வரை ஆண்டுக்கு ஒரு முறையும் பரிசோதிக்க வேண்டும் என்பது ஐஏபியின் அறிவுரை.

மருத்துவர் என்ன செய்கிறார்?

வளர்ச்சி மதிப்பீடு மூன்று அடுக்குகளில் நடைபெறுகிறது. முதலாவது, தொடர் கண்காணிப்பு. குழந்தை எதற்காக வந்தாலும், பெற்றோருக்கு ஏதேனும் கவலை உண்டா என்று கேட்பதும், குழந்தை எப்படி நடக்கிறது, யாரைப் பார்க்கிறது, எதை எடுக்கிறது என்று கவனிப்பதும் இதில் அடங்கும். இரண்டாவது, ஸ்கிரீனிங் எனப்படும் முதற்கட்டப் பரிசோதனை. வரையறுக்கப்பட்ட கேள்விகள் அல்லது செயல்களைக் கொண்டு எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யப்படுவது இது. மூன்றாவது, முதற்கட்டத்தில் ஐயம் எழுந்த குழந்தைகளுக்கு மட்டும் வல்லுநர்கள் செய்யும் விரிவான மதிப்பீடு.

முதற்கட்டப் பரிசோதனையில் ஐயம் எழுந்தது என்பதற்கு, குழந்தைக்குக் குறைபாடு உறுதியாகிவிட்டது என்று பொருளல்ல. மேலும் ஆராய வேண்டும் என்பதே அதன் பொருள். அதேபோல, ஒரு முறை தேறிவிட்டதால் இனிமேல் பார்க்கத் தேவையில்லை என்பதும் இல்லை. ஓராண்டு வரை இயல்பாக வளர்ந்து, அதன் பின்னர் பேச்சை இழக்கும் குழந்தைகளும் உண்டு.

பெருந்தசை இயக்கம், நுண்தசை இயக்கம், மொழி, சமூகப் பழக்கம் ஆகிய நான்கு துறைகளில் குழந்தை எங்கே நிற்கிறது என்று பார்க்கப்படுகிறது. இதற்கு விலையுயர்ந்த கருவிகள் எதுவும் தேவைப்படுவதில்லை. ஒரு சிவப்பு வளையம், மணி, சில மரக்கட்டைகள், படப்புத்தகம், காகிதம், பென்சில் ஆகியவை மேசையில் இருந்தால் போதும். ஒன்றரை வயதில் மூன்று அல்லது நான்கு கட்டைகளையும், இரண்டு வயதில் ஆறு கட்டைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் குழந்தை அடுக்கும். மூன்று வயதில் வட்டத்தையும், நான்கு வயதில் கூட்டல் குறியையும் பார்த்து வரையும்.

இவை சராசரிகள் என்பதை மறந்துவிடலாகாது. உலக சுகாதார அமைப்பு டெல்லி உள்ளிட்ட ஐந்து நாடுகளின் நகரங்களில் நடத்திய ஆய்வில், நல்ல உடல்நலமுள்ள குழந்தைகள் துணையின்றி நடக்கத் தொடங்கிய வயது 8.2 மாதங்கள் முதல் 17.6 மாதங்கள் வரை பரந்திருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்தது என்பதற்காக, பதினான்கு மாதக் குழந்தையின் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், 18 மாதங்கள் நிறைந்தும் நடக்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தைகளுக்கு, முன்கூட்டியே பிறந்த வாரங்களை வயதிலிருந்து கழித்துவிட்டே இரண்டு வயது வரை கணக்கிட வேண்டும்.

பெற்றோர் பெருமையாகக் கருதும் ஒன்றும் சில வேளைகளில் எச்சரிக்கையாக அமையலாம். ஒரு வயது நிறைவதற்கு முன்பே குழந்தை எதற்கும் ஒரே கையை நீட்டினால், அதனை இடக்கைப் பழக்கம் என்றோ வலக்கைப் பழக்கம் என்றோ எண்ணிவிடுவது இயல்பு. அந்த வயதில் கைப்பழக்கம் நிலைபெறுவதில்லை. மற்றொரு கையில் பலவீனம் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டிய அறிகுறி அது.

ஒரு பென்சில் போதும்: திருவனந்தபுரம் அட்டவணை

அயல்நாட்டில் உருவான சோதனைகள் அனைத்தும் இந்திய வீடுகளுக்கு அப்படியே பொருந்துவதில்லை. நேரமும் பயிற்சியும் கட்டணமும் கூட அவற்றுக்குத் தடையாக அமைகின்றன. இந்த இடைவெளியை நிரப்பும் வகையில் திருவனந்தபுரத்தில் உள்ள குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் தலைமையிலான குழுவினர் உருவாக்கிய அட்டவணை, 1991 முதல் பயன்பாட்டில் உள்ளது. பிறந்தது முதல் 2 வயது வரையிலான குழந்தைகளுக்கான இந்த அட்டவணையில் 17 செயல்கள் மட்டுமே இடம்பெற்றுள்ளன.

ஒவ்வொரு செயலும் ஒரு கிடைக்கோடாகக் குறிக்கப்பட்டிருக்கும். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்புறம் முழுமையாக முடிந்துவிட்ட கோடுகளுக்குரிய செயல்கள் எல்லாவற்றையும் குழந்தை செய்ய வேண்டும். ஒன்றைச் செய்யாவிட்டாலும் அடுத்தகட்ட ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தச் சோதனையைப் பயிற்சி பெற்ற அங்கன்வாடிப் பணியாளரும் செய்ய இயலும். பின்னர் 6 வயது வரைக்குமாக 51 செயல்களுடன் இது விரிவாக்கப்பட்டது. மொழி வளர்ச்சிக்கென்றே 'லெஸ்ட்' என்ற தனி அளவுகோலும் இதே மையத்தில் உருவாக்கப்பட்டது.

விரிவான மதிப்பீட்டுக்கு, பரோடாவில் உருவான 'டாசி' அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. 30 மாதங்கள் வரையிலான குழந்தைகளுக்கான இதில் 67 இயக்கச் செயல்களும் 163 மனவளர்ச்சிச் செயல்களும் உள்ளன. குழந்தையின் வளர்ச்சி வயதை, உண்மையான வயதால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வளர்ச்சி ஈவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 24 மாதக் குழந்தை ஒன்று 15 மாதக் குழந்தையின் செயல்களை மட்டுமே செய்தால் அதன் ஈவு 62.5. இந்த எண் 70க்குக் கீழே இருந்தால் தாமதம் எனக் கொள்ளப்படுகிறது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறைகளில் குறிப்பிடத்தக்க தாமதம் இருந்தால், அது பொதுவான வளர்ச்சித் தாமதம் எனப்படுகிறது.

பேச்சு வரவில்லை: ஒரே புகார், பல காரணங்கள்

இரண்டு வயதாகியும் பேசாத நான்கு குழந்தைகள் ஒரே நாளில் மருத்துவரிடம் வந்தால், நால்வருக்கும் காரணம் வேறுவேறாக இருக்கலாம். பேச்சு என்பது வாயிலிருந்து தொடங்குவதில்லை. காது கேட்க வேண்டும், கேட்டது புரிய வேண்டும், பிறருடன் பகிர்ந்துகொள்ளும் விருப்பம் வேண்டும். அதன் பிறகே சொல் பிறக்கிறது. இந்த வரிசையிலேயே மருத்துவரின் கேள்விகளும் அமைகின்றன.

முதல் கேள்வி, காது கேட்கிறதா என்பது. பேச்சுத் தாமதத்துடன் வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் முறையான செவித்திறன் சோதனை கட்டாயம். "கதவைச் சாத்தினால் திரும்புகிறான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது" என்று பெற்றோர் கூறுவதை மட்டும் நம்பி இதனைத் தவிர்க்கலாகாது. கதவின் அதிர்வையோ நிழலையோ உணர்ந்தும் குழந்தை திரும்பக்கூடும். பகுதியளவு மட்டுமே கேட்கும் குழந்தைக்கு உரத்த ஒலிகள் கேட்டு, பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். காது கேளாத குழந்தைகளும் முதல் சில மாதங்களில் குரலெழுப்பி விளையாடும் என்பதால் பெற்றோர் எளிதில் ஏமாந்துவிடுகின்றனர். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் காதுக் கருவி உள்ளிட்ட உதவி என்பதே மருத்துவ உலகம் பின்பற்ற விரும்பும் கால வரையறை. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளின் நடுக்காதில் நீர் கோத்து, கேட்கும் திறன் கூடியும் குறைந்தும் இருப்பதும் உண்டு.

இரண்டாவது கேள்வி, சொல்வது புரிகிறதா என்பது. சைகை காட்டாமல் "பந்தை எடுத்து வா" என்றால் எடுத்து வருகிறதா, கண் எங்கே, மூக்கு எங்கே என்றால் தொட்டுக் காட்டுகிறதா என்று பார்க்கப்படுகிறது. எல்லாம் புரிந்து, தேவையானதைச் சுட்டிக்காட்டி, பிற குழந்தைகளுடன் விளையாடி, சொற்கள் மட்டும் வராத குழந்தைகளில் பலர் பின்னர் தாமாகவே பேசிவிடுகின்றனர். ஆயினும், யார் பேசுவார், யார் பேசமாட்டார் என்று இரண்டு வயதில் உறுதியாகக் கணிக்க இயலாது என்பதால் இவர்களும் தொடர் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி, பகிர்ந்துகொள்கிறதா என்பது. வானில் பறக்கும் விமானத்தை விரல் நீட்டிச் சுட்டிவிட்டு, தாயின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது ஓர் எளிய செயல் போலத் தோன்றும். "நான் பார்த்ததை நீயும் பார்" என்ற செய்தி அதில் இருக்கிறது. ஒன்றரை வயதிலும் இவ்வாறு சுட்டிக்காட்டாமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கண்ணோடு கண் பார்ப்பது அரிதாதல், வண்டியை ஓட்டி விளையாடாமல் அதன் சக்கரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டே இருத்தல் ஆகியவை சேர்ந்து காணப்பட்டால் ஆட்டிசத்துக்கான ஆய்வு தேவை. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு 'எம்-சாட்' எனப்படும் 20 கேள்விகள் கொண்ட பட்டியல் இதற்குப் பயன்படுத்தப்படுகிறது.

நான்காவது கேள்வி, மற்ற துறைகளில் வளர்ச்சி எப்படி என்பது. உட்காருவது, நடப்பது, பொருள்களைக் கையாள்வது, தானாக உண்ண முயல்வது ஆகிய எல்லாவற்றிலும் பின்தங்கியிருந்தால், பேச்சு என்பது பெரியதொரு தாமதத்தின் ஒரு பகுதி மட்டுமே. தைராய்டு குறைபாடு போன்ற, சிகிச்சையளிக்கக்கூடிய காரணங்கள் அப்போது தேடப்படுகின்றன. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 6 முதல் 59 மாத வயதுடைய இந்தியக் குழந்தைகளில் 67.1 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உள்ளது. இரும்புச்சத்துக் குறைபாடு மூளை வளர்ச்சியையும் பாதிக்கும் என்பதால் அதனையும் மருத்துவர்கள் கவனிக்கின்றனர்.

எந்த நிலையில் காத்திருக்கவே கூடாது?

12 மாதங்கள் ஆகியும் 'பாபா', 'மாமா' போன்ற மழலை ஒலிகளோ, டாட்டா காட்டுதல், சுட்டிக்காட்டுதல் போன்ற சைகைகளோ இல்லாமை. 16 மாதங்கள் ஆகியும் பொருளுள்ள ஒரு சொல் கூட வராமை. 24 மாதங்கள் ஆகியும் 'அம்மா வா', 'பால் வேண்டும்' என்பது போல இரு சொற்களைத் தானாகச் சேர்த்துக் கூறாமை ஆகிய மூன்றும் உடனடி மதிப்பீட்டுக்கான அறிகுறிகள். இவற்றைவிடத் தீவிரமாகக் கொள்ள வேண்டியது, ஏற்கெனவே வந்த பேச்சோ பழகும் தன்மையோ எந்த வயதிலாவது மறைந்துபோவது.

ஆண் குழந்தைகள் தாமதமாகப் பேசுவார்கள் என்ற நம்பிக்கை நாடெங்கும் உள்ளது. சராசரியில் சிறு வேறுபாடு இருப்பது உண்மையே எனினும், மேற்கண்ட எல்லைகள் இருபாலருக்கும் ஒன்றே. நாக்கின் அடியில் உள்ள சவ்வு இறுகியிருப்பதால்தான் பேச்சு வரவில்லை என்று கருதி, அதனை வெட்டிவிடக் கோருவோரும் உள்ளனர். அந்தச் சவ்வு பால் குடிப்பதையும் சில ஒலிகளின் உச்சரிப்பையும் பாதிக்கலாம். குழந்தை பேசவே தொடங்காததற்கு அது காரணமாவதில்லை.

வீட்டில் தெலுங்கு, வெளியே கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பெங்களூரு குழந்தைக்கு மொழிகள் அதிகமானதால் பேச்சு தடைப்பட்டுவிட்டது என்ற எண்ணமும் தவறானது. பல மொழிகளைக் கேட்பது வளர்ச்சித் தாமதத்தை உண்டாக்குவதில்லை. இத்தகைய குழந்தையின் சொற்களை எண்ணும்போது எல்லா மொழிச் சொற்களையும் கூட்டி எண்ண வேண்டும்.

செல்போன் திரையைப் பொறுத்தவரை, காணொளி அழைப்பைத் தவிர 2 வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது ஐஏபி. திரை பேசும், ஆனால் குழந்தை எழுப்பும் ஒலிக்குப் பதில் சொல்லாது. அதே நேரத்தில், செல்போனை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறிச் செவித்திறன் சோதனையையும் ஆட்டிசம் பரிசோதனையையும் தள்ளிப்போடுவது ஆபத்தானது.

அடமா, அறிகுறியா?

நடத்தை குறித்த மதிப்பீட்டில் மருத்துவர்கள் கூடுதல் நிதானத்தைக் கடைப்பிடிக்கின்றனர். இரண்டு வயதுக் குழந்தை தரையில் விழுந்து அழுவதும், மூன்று வயதுக் குழந்தை ஓரிடத்தில் அமராமல் ஓடுவதும் பெரும்பாலும் வயதின் இயல்பே. எவ்வளவு நேரம், எத்தனை முறை, எந்தச் சூழலில், அதனால் குழந்தையின் உறக்கமோ உணவோ விளையாட்டோ பாதிக்கப்படுகிறதா என்பனவே முக்கியம். தன் தேவையைச் சொல்லச் சொற்கள் இல்லாத குழந்தை அடித்தும் கடித்தும் அதனைத் தெரிவிக்கும் என்பதால், முரட்டுத்தனம் என்று வரும் புகாரின் பின்னால் பேச்சுத் தாமதம் மறைந்திருக்கலாம்.

ஏடிஹெச்டி என்று முடிவு செய்ய, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதங்கள் நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு சூழல்களிலாவது காணப்பட வேண்டும். பள்ளியில் மட்டும் கவனம் சிதறும் குழந்தைக்குக் கரும்பலகை தெரியாமல் இருக்கலாம், ஆசிரியரின் குரல் கேட்காமல் இருக்கலாம், கற்றல் குறைபாடு இருக்கலாம். எனவே, ஆசிரியரின் கருத்தைக் கேட்காமல் மருத்துவர் முடிவுக்கு வருவதில்லை.

எங்கே அணுகுவது?

மத்திய அரசு 2013இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே எனப்படும் தேசிய சிறார் நலத் திட்டம், பிறந்தது முதல் 18 வயது வரையிலானோருக்குப் பிறவிக் குறைபாடுகள், சத்துக் குறைபாடுகள், நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் ஆகிய நான்கையும் கண்டறியும் நோக்கம் கொண்டது. நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் செல்ல வேண்டும் என்பது விதி. ஐயத்துக்குரிய குழந்தைகள் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுவர். குழந்தை நல மருத்துவர், உளவியலாளர், பேச்சு மற்றும் செவித்திறன் வல்லுநர், இயன்முறை மருத்துவர், சிறப்புக் கல்வியாளர் உள்ளிட்டோரை ஒரே இடத்தில் அணுகும் வகையில் இம்மையங்கள் திட்டமிடப்பட்டுள்ளன.

ஆஷா பணியாளர்கள் குழந்தையின் 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் வீட்டுக்கே வந்து பார்க்கும் திட்டமும் 2018 முதல் நடைமுறையில் உள்ளது. தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் எடை, தடுப்பூசி விவரங்களுடன் வளர்ச்சி நிலைகளும் படங்களுடன் அச்சிடப்பட்டுள்ளன. தடுப்பூசிக் கட்டங்களை நிரப்பும் அளவுக்கு அந்தப் பக்கத்துக்குக் கவனம் கொடுத்தாலே, பல குழந்தைகளின் தாமதம் முன்கூட்டியே தெரியவரும்.

குறைபாடு உறுதியானால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, கற்றல் குறைபாடு ஆகியவையும் அடங்கும். உரிய சான்றிதழ் பெறுவோர் அரசின் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

பெயருக்காகக் காத்திருக்க வேண்டாம்

பெற்றோர் பலரும் நோயின் பெயர் தெரிந்த பிறகே பயிற்சி தொடங்க வேண்டும் என்று கருதுகின்றனர். வளர்ச்சித் தாமதத்தில் அந்த வரிசை பொருந்துவதில்லை. ஆட்டிசமா, மொழித் தாமதமா என்று முடிவாக மாதங்கள் ஆகலாம். ஆனால், செவித்திறன் சோதனையை இந்த வாரமே செய்யலாம். பேச்சுப் பயிற்சியை அதற்கடுத்த வாரமே தொடங்கலாம். பின்னர் குழந்தை இயல்பாகப் பேசிவிட்டாலும் அந்தப் பயிற்சியால் தீங்கு எதுவும் இல்லை. காத்திருந்ததால் இழந்த மாதங்களை மீட்பதுதான் கடினம்.

பயிற்சியின் பெரும்பகுதி வீட்டிலேயே நடக்கிறது. குளிக்க வைக்கும்போது, உணவு ஊட்டும்போது, காய்கறி நறுக்கும்போது செய்வதை எல்லாம் சொற்களாகக் கூறுவது, குழந்தை எழுப்பும் ஒலிக்குப் பதில் கொடுத்துவிட்டு அதன் முறைக்காகக் காத்திருப்பது, கேட்பதற்கு முன்பே பொருளைக் கையில் கொடுத்துவிடாமல் இருப்பது ஆகியவை எந்தச் செலவும் இல்லாதவை. பிறந்தது முதல் 3 வயது வரையிலான குழந்தைகளுக்கு இத்தகைய 140 செயல்பாடுகளை மாத வாரியாகத் தொகுத்து, 'நவசேதனா' என்ற வழிகாட்டியை மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024இல் வெளியிட்டது.

கூட்டம் நிறைந்த தடுப்பூசி நாளில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அந்த நிமிடங்களைப் பெற்றோரால் பயனுள்ளதாக்க முடியும். குழந்தை கூறும் சொற்களின் பட்டியல், எந்த மாதத்தில் உட்கார்ந்தது, நடந்தது என்ற குறிப்பு, வீட்டில் இயல்பாக விளையாடும்போது எடுத்த இரண்டு நிமிடக் காணொளி, பிரசவ மருத்துவமனை அளித்த ஆவணங்கள் ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்லலாம். மருத்துவமனையின் புதிய சூழலில் மிரண்டு அழும் குழந்தையைப் பற்றி, அந்தக் காணொளி மருத்துவருக்குப் பலவற்றைத் தெரிவிக்கும்.

கேள்வியை வாசல் வரை சென்ற பிறகு கேட்காமல், ஊசி போடுவதற்கு முன்பே கேட்பது நல்லது. "பார்ப்போம்" என்று மருத்துவர் கூறினால், எதைப் பார்க்க வேண்டும், எந்தத் தேதியில் மீண்டும் வர வேண்டும் என்று கேட்டு, அதனைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.